நூறு வருஷம் தாங்குமா?

கடைக்காரர் ஒரு பொருளை எடுத்து வைத்து, "ஐயா, இது ஐம்பது வருஷம் உழைக்கும், எழுதியே கொடுக்கிறேன்" என்கிறார். சொன்னபடி எழுதியும் கொடுத்துவிடுகிறார். விசாரித்துப் பார்த்தால் அந்தப் பொருள் சந்தைக்கு வந்தே இருபது வருஷந்தான் ஆகியிருக்கிறது! பிறந்து இருபது வருஷமான பொருளுக்கு ஐம்பது வருஷ ஆயுள் என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? ஜாதகம் பார்த்தா?

ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இந்த ஜாதகத்தைக் கணிப்பவர்கள் விஞ்ஞானிகள். பொருளைச் சோதனைச்சாலையில் வைத்து, ஐம்பது வருஷத்தில் அது படவேண்டிய பாட்டையெல்லாம் ஆறே மாதத்தில் படவைத்துப் பார்த்துவிடுகிறார்கள். காலத்தின் கழுத்தைப் பிடித்து வேகமாகத் தள்ளுகிற வித்தை இது. இதை "அவசரக் கடிகாரம்" என்று நாம் அழைக்கலாம். இன்று நம் நாட்டில் கட்டப்படும் சுவர்களும் தொட்டிகளும் குழாய்களும் இந்தக் கடிகாரத்தை நம்பித்தான் நிற்கின்றன. ஆகவே அது சரியாக ஓடுகிறதா, எந்த ஊர் நேரத்துக்கு அதை முடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய காரியந்தான்.

இந்த வித்தையைத் தெரிந்துகொள்ள ஆம்பூருக்குப் போவது நல்லது. ஆம்பூர் என்றவுடனே நேயர்களில் பலருக்குப் பிரியாணி ஞாபகம் வரும், அதில் தப்பில்லை. ஆனால் சீமைக் கடைகளிலே நேர்த்தியாக அடுக்கி வைத்திருக்கும் பாதரட்சைகளில் எத்தனையோ ஜோடிகள் அந்த ஊரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்தும் புறப்பட்டவை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தோலையும் பாதரட்சையையும் வாங்குகிற சீமை வியாபாரி வெறும் வாய்ச்சொல்லைக் கேட்டுப் பணம் தரமாட்டான். பரீட்சைச் சீட்டைக் காட்டு என்பான்.

அந்தப் பரீட்சைகளில் ஒன்று மடிப்புப் பரீட்சை. சுவிட்சர்லாந்தில் பிறந்த "பாலி" என்னும் பாதரட்சைக் கம்பெனியின் பெயரால் வழங்கும் யந்திரம் ஒன்று இதற்கென்று இருக்கிறது. தோல் துண்டை அதன் வாயில் மாட்டிவிட்டால், மனிதன் நடக்கும்போது விரலடியில் தோல் எப்படி மடியுமோ அப்படியே நிமிஷத்துக்கு நூறு தடவை மடித்து மடித்து விரிக்கும். லட்சம் மடிப்புக்குப் பதினாறு மணி நாற்பது நிமிஷம் ஆகும். நாளொன்றுக்கு ஐயாயிரம் அடி நடப்பவரின் ஒரு கால் இரண்டாயிரத்து ஐந்நூறு தடவைதான் மடிகிறது. ஆகவே அவருடைய நாற்பது நாள் நடையை அந்த யந்திரம் ஒரே ராத்திரியில் நடந்து முடித்துவிடுகிறது!

இது ஒரு வகை. திரும்பத் திரும்பச் செய்வதால் காலத்தைச் சுருக்குவது. இன்னொரு வகை இதைவிடச் சூட்சுமமானது. வீட்டிலே அலமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்த ஜோடு, நாலைந்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தால், அடிப்பாகம் பழைய ரொட்டியைப் போல் உதிர்ந்து விழுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நடக்கவே இல்லையே, பின் எப்படித் தேய்ந்தது? தேயவில்லை. பாலியூரிதேன் என்னும் பொருளால் செய்த அடிப்பாகத்தைக் காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து, அணுக்கோவையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டது. இதை முன்னதாகவே கண்டுபிடிக்க, எழுபது டிகிரி உஷ்ணமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஈரமும் உள்ள பெட்டியில் பாதரட்சையை ஒரு வாரம் பூட்டி வைப்பார்கள். இதற்கு அந்தத் தொழிலில் வழங்கும் பெயர் "காட்டுப் பரீட்சை". மழைக்காட்டின் புழுக்கத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடுவதால் அந்தப் பெயர் வந்தது போலும். இங்கே சூடுதான் கடிகாரத்தின் சாவி.

பாதரட்சை உதிர்ந்தால் நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். அதே கேள்வியைச் சுவரைப் பற்றிக் கேட்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிப் பழைய பரிகாசம் ஒன்று உண்டு. 1981-ல் ஜலகண்டேசுவரர் தம் கோயிலுக்குள் மறுபடியும் எழுந்தருளிவிட்டபடியால், சுவாமியைப் பற்றிய பரிகாசம் பொய்த்துப் போயிற்று. ஆற்றைப் பற்றிய பரிகாசந்தான் வருஷத்தில் பல மாதங்கள் மெய்யாக இருக்கிறது. பாலாற்றங்கரையில் வளர்ந்த தோல் தொழில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கூடவே நிலத்தடி நீரை உப்பாக்கியும் விட்டது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு, மயிரை நீக்கச் சுண்ணாம்பும் கந்தகச் சேர்மானமும், பிறகு திராவகம், பதனிடக் குரோமியம். இத்தனையையும் கழுவிய தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்?

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு இந்த நாட்டின் சட்ட சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. அசுத்தம் செய்தவனே அதற்கு ஈடும் கொடுக்கவேண்டும் என்று அது சொல்லிற்று. அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொல்லிற்று: ஒரு காரியத்தால் தீங்கு வராது என்று ருசுப்படுத்தும் பொறுப்பு அந்தக் காரியத்தைச் செய்பவனையே சார்ந்தது, தீங்கு வந்தது என்று நிரூபிக்கும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவன் தலையில் ஏற்றக்கூடாது. இந்த வாக்கியத்தை நேயர்கள் ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இன்று அந்தப் பிரதேசத்தில் பல தொழிற்சாலைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவுநீர் அங்கே தொட்டி தொட்டியாக மாறி மாறிப் போகிறது. கடைசியில், நம் வீட்டுச் சமையலறையில் உள்ள ஆர்.ஓ. யந்திரத்தின் பெரிய அண்ணன் அதிலிருந்து நல்ல நீரைப் பிழிந்தெடுக்கிறது. மிஞ்சுவது கடும் உப்பு நீரும் சேறும். இவற்றைத் தாங்கி நிற்கவேண்டியது கான்கிரீட்டுச் சுவர்.

கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்கு ஒரு கவசம் போல் இருந்து துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் உப்பு மெல்ல மெல்ல உள்ளே ஊறிக் கம்பியை எட்டினால் அந்தக் கவசம் உடைந்துபோகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மூன்று பங்கு இடம் கேட்கும். இடம் ஏது? உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. மூடிய தொட்டிகளிலே இன்னொரு விபரீதமும் உண்டு. கழிவிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயு ஈரச் சுவரில் படிய, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தகத் திராவகமாக்கிவிடுகின்றன. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், சுவர் கரைந்துகொண்டே போகிறது.

2015-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் அகப்பட்டு மாண்டார்கள். பெரும்பாலோர் வயிற்றுப்பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சுவர் துருப்பிடித்து விழுந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் சொல்வது ஒன்றுதான்: அந்த வட்டாரத்தில் சுவர் என்பது வெறும் சுவர் அல்ல, அதற்கு இப்பாலும் அப்பாலும் உயிர்கள் இருக்கின்றன. "இது இத்தனை வருஷம் நிற்கும்" என்ற வாக்கு அங்கே உயிருக்குச் சமானம்.

இந்த இடத்தில்தான் புதுப் பொருள் ஒன்று வந்து, "என்னை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் துருவே கிடையாது" என்று சொல்கிறது. அதுதான் நார்க்கலவை. ஜனங்கள் சுருக்கமாக "பைபர்" என்பார்கள்.

பெயர் புதிது; தத்துவம் பழையது. நம் பாட்டனார்கள் மண்சுவர் வைக்கும்போது வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தார்கள். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். வைக்கோல் இழுப்பைத் தாங்கும், தனியே நிற்காது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது, நல்ல தம்பதிகளைப் போல. தோல் மட்டும் என்ன? அதுவும் நுண்ணிய நார்களின் பின்னல்தானே! பதனிடுதல் என்பதே அந்த நார்கள் காலத்தால் அழியாதபடி கட்டுப்போடுவதுதான். நம்முடைய புதுப் பொருளிலே வைக்கோலுக்குப் பதில் தலைமயிரிலும் மெல்லிய கண்ணாடி நார். மண்ணுக்குப் பதில் பிசின். எடையில் இரும்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இழுப்புப் பலத்தில் சாதாரணக் கட்டடக் கம்பிக்கு மேல். சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகளை அடக்கிய நீண்ட உருளைகள் பெரும்பாலும் இதனால் ஆனவையே. குழாயாகவும் தொட்டியாகவும் நடைபாதைச் சட்டமாகவும் இது வந்துவிட்டது. இரும்புக் கம்பிக்குப் பதிலாகக் கான்கிரீட்டுக்குள் போடும் கண்ணாடி நார்க் கம்பிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ஆம் வருஷத்தில் விவரக்குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ஆகவே இது இனி எங்கோ சீமையில் நடக்கும் விஷயம் அல்ல. நம் தெருமுனைக்கு வந்துவிட்ட விஷயம்.

துருப்பிடிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் துருப்பிடிக்காததெல்லாம் சிரஞ்சீவியா? கண்ணாடிக்கும் ஒரு யமன் உண்டு. எந்தக் காரம் இரும்புக்குக் கவசமாக இருந்ததோ அதே காரந்தான் கண்ணாடியை அரிக்கிறது! ஒருத்திக்கு மருந்தானது மற்றொருத்திக்கு விஷமாவதைப் போல. சாதாரணக் கண்ணாடி நாரைச் சிமிட்டியில் நேராகக் கலந்தால் சில வருஷங்களில் அதன் பலம் போய்விடும். இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஜே. மஜும்தார் என்னும் விஞ்ஞானி (பெயரைக் கொண்டே நம் வங்காளத்துச் சம்பந்தம் என்று அறியலாம்) 1960-களில் இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் தேடினார். சிர்க்கோனியா என்ற பொருளைக் கண்ணாடியில் சேர்த்தால் அது காரத்தை நன்றாகத் தாங்குகிறது என்று கண்டார். பில்கிங்டன் என்ற பிரசித்தி பெற்ற கண்ணாடிக் கம்பெனி 1971-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நன்றாகத் தாங்குகிறது, சரி. எத்தனை வருஷம் தாங்கும்? இங்கேதான் அவசரக் கடிகாரம் வருகிறது.

உஷ்ணம் ஏற ஏற ரசாயன மாறுதல்கள் வேகம் பிடிக்கும். வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிப்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாததா? எந்த அளவுக்கு வேகம் பிடிக்கும் என்பதற்கு 1889-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரேனியஸ் ஒரு கணக்கு வகுத்தார். அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு லிதர்லாண்ட், ஓக்லி, பிராக்டர் என்னும் மூவர் சிமிட்டியில் பதித்த கண்ணாடி நார்களை வெந்நீரில் ஊறப்போட்டு 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது டிகிரி வெந்நீரில் ஒரு நாள், இங்கிலாந்தின் திறந்த வெளியில் நூற்றொரு நாளுக்குச் சமம். எண்பது டிகிரியில் ஒரு நாள், அங்கே ஆயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு நாளுக்குச் சமம்! ஐம்பது டிகிரியில் ஆறு மாதம் ஊறவைத்தால் ஐம்பது வருஷத்தைப் பார்த்துவிடலாம். எவ்வளவு அற்புதமான வித்தை!

ஆனால் கணக்கில் "இங்கிலாந்தில்" என்று ஒரு சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மூவர் எடுத்துக்கொண்ட அங்கத்திய சராசரி உஷ்ணம் பத்து டிகிரியும் சொச்சமும். வேலூரை வெயிலூர் என்றே அழைக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். அங்கே வருஷ சராசரி இருபத்தெட்டு டிகிரியை ஒட்டியிருக்கிறது. அதே கணக்கை இருபத்தெட்டு டிகிரிக்குப் போட்டுப் பார்த்தோம். ஐம்பது டிகிரி வெந்நீரில் ஒரு நாள் என்பது வேலூரில் நூற்றொரு நாள் ஆகவில்லை. சுமார் பதினொரு நாள்தான் ஆகிறது! இங்கிலாந்தில் ஐம்பது வருஷத்துக்கு ஜாமீன் கொடுத்த அதே ஆறுமாதப் பரீட்சை, எப்போதும் ஈரமாயிருக்கும் வேலூர்ச் சுவர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை வருஷத்துக்குத்தான் ஜாமீன் கொடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோக வேண்டியதில்லை. இந்தக் கணக்கு சிமிட்டியில் நேராகப் பதித்த பழைய ரகக் கண்ணாடி நாருக்கு உரியது. பிசினுக்குள் ஒளிந்திருக்கும் கம்பிக்கு அப்படியே பொருந்தாது. ஈரமில்லாத சுவரில் வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த அரிப்பு மெல்லவே நடக்கும். ஐந்தரை வருஷத்தில் சுவர் விழுந்துவிடும் என்றும் இதற்கு அர்த்தமல்ல. அதற்கு மேல் அந்தப் பரீட்சை நமக்கு எதுவும் சொல்லவில்லை என்பதே அர்த்தம். பரீட்சை பொய்யல்ல. குளிர் தேசத்துக் கடிகாரத்தை அப்படியே நம் சுவரில் மாட்டிக்கொண்டு மணி பார்ப்பதுதான் பிசகு.

பிசினில் பதித்த கண்ணாடி நார்க் கம்பிக்கு அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. கம்பியை அறுபது டிகிரி உஷ்ணமுள்ள காரக் கரைசலில் தொண்ணூறு நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு இழுத்துப் பார்த்தால் முதலில் இருந்த பலத்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ கறுப்பு நிறத் தகடு ஒன்றின் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அறுபது டிகிரி என்பது எத்தனை சமீபத்தில் இருக்கிறது என்று தெரியும். அங்கே சோதனைச்சாலையின் கொடுமை, இங்கே சாயங்காலம் வரையில் தினப்படி நடக்கும் சாதாரணம்!

அப்படியானால் நமக்காக இன்னும் உஷ்ணத்தை ஏற்றிவிட்டால் என்ன? நூறு டிகிரியில் கொதிக்கவைத்து ஒரே வாரத்தில் முடிவு கண்டுவிடலாமே? கூடாது. கோழி முட்டை அடைகாக்கும் சூட்டில் இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். அவசரமென்று முட்டையைக் கொதிநீரில் போட்டால் ஒரே நாளில் குஞ்சு வந்துவிடுமா? அவித்த முட்டைதான் கிடைக்கும். பிசினும் அப்படித்தான். ஓர் அளவுக்குமேல் சூடேறினால் அது கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து ரப்பரைப் போல் இளகிவிடும். அதற்குப்பின் நடப்பது முதுமையின் கதை அல்ல. வேறு ஒரு கதை. அவசரக் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். ஸ்பிரிங்கு அறுந்துபோகும் வரையில் முடுக்கக் கூடாது.

கடிகாரம் இன்னொரு திசையிலும் பிசகுவது உண்டு. கனடா தேசத்தில் ஐந்து முதல் எட்டு வருஷம் வரை உழைத்த பாலங்கள், துறைமேடை முதலான ஐந்து கட்டுமானங்களிலிருந்து கான்கிரீட்டைக் குடைந்தெடுத்து, உள்ளேயிருந்த கண்ணாடி நாரைப் பூதக்கண்ணாடியை வைத்துப் பரிசோதித்து, 2005-ஐ ஒட்டி முடிவை வெளியிட்டார்கள். காரக் கரைசல் பரீட்சைகளைக் கொண்டு பயந்திருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்: அரிப்பின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை! சோதனைச்சாலையில் கம்பி காரத்தில் மூழ்கிக் கிடக்கிறது. மெய்யான கான்கிரீட்டில் அவ்வளவு ஈரம் கம்பியைச் சுற்றிக் கிடையாது. ஆகவே பரீட்சை உள்ளதைவிடக் கடுமையாக இருந்துவிட்டது. நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பதும் நஷ்டந்தான் அல்லவா?

ஆனால் அந்தப் பாலங்களும் குளிர் தேசத்தவை. அவற்றின் மேல் பாய்ந்தது மழையும் பனியும் உப்பும். தோல் கழிவு அல்ல. தோல் பிரதேசத்துத் தொட்டியில் காரம் மட்டும் இல்லை. இன்று திராவகம், நாளை சுண்ணாம்பு, மறுநாள் உப்பு, தொட்டி நிறைகிறது, காலியாகிறது, நனைகிறது, காய்கிறது. இவற்றோடு எப்போதும் ஒரு பாரம். திராவகமும் பாரமும் சேர்ந்து வந்தால் சாதாரணக் கண்ணாடி நார் திடீரென்று வெடித்து முறியும் சுபாவமுள்ளது. தனித்தனியாகப் பரீட்சித்தால் இரண்டிலும் தேறிவிடும். பாரம் நீடித்துக்கொண்டே இருந்தால் கண்ணாடி நார் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும் என்பதற்காக, நிரந்தர பாரத்தை அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்கவேண்டும் என்று அமெரிக்கக் கான்கிரீட் சங்கத்தின் வழிகாட்டி பல வருஷம் சொல்லி வந்தது. பரீட்சையில் மாணவன் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேறுகிறான். வாழ்க்கையோ எல்லாப் பாடங்களையும் ஒரே காகிதத்தில் கேட்கிறது!

பின் என்னதான் செய்வது? அவசரக் கடிகாரம் வேண்டும்; ஆனால் அதற்குப் பக்கத்தில் நிதானக் கடிகாரம் ஒன்றும் ஓடவேண்டும். நிதானக் கடிகாரம் என்றால் பொருளைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது. நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் அளித்ததால் காரைக்குடியில் எழும்பிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபத்தில் கடற்காற்று வீசும் இடத்தில் உலோகத் துண்டுகளை வரிசையாகக் கட்டிவைத்து, துரு எப்படி ஏறுகிறது என்று பல வருஷங்கள் குறித்து வந்திருக்கிறார்கள். இரும்புக்குச் செய்ததை நார்க்கலவைக்கும் செய்யவேண்டும். தோல் பிரதேசத்துச் சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றிலும், தொட்டிக்குள் ஒரு கட்டு, நீர் மட்டத்துக்கு மேல் வாயு படியும் இடத்தில் ஒரு கட்டு, மொட்டை வெயிலில் ஒரு கட்டு என்று நார்க்கலவைத் துண்டுகளைப் பாரம் ஏற்றித் தொங்கவிடட்டும். வருஷத்துக்கு ஒரு துண்டை அவிழ்த்து இழுத்துப் பார்த்து முடிவைப் பகிரங்கமாக எழுதட்டும். பத்து வருஷத்தில் நமக்கென்று ஒரு பஞ்சாங்கம் சேர்ந்துவிடும். அதை வைத்து அவசரக் கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டிய மூளைக்குப் பஞ்சமா? 1948-ல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம் அதற்கு எட்டும் தூரத்தில் தரமணியில் இருக்கிறது. ஒருவருக்குக் கழிவு தெரியும். மற்றவருக்குச் சுவர் தெரியும். தோல் பிரதேசமோ ரயிலில் சில மணி நேரம். இவ்வளவும் இருக்கும்போது நம் சுவரின் ஆயுளைப் பத்து டிகிரிக் குளிரில் எழுதிய அட்டவணையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது அழகல்ல.

நம் வீட்டு வாசல்படியில் நின்று பார்த்தாலும் இந்தக் கதையைக் காணலாம். கொல்லைப்புறத்துக்கு வெளிச்சம் வரவேண்டுமென்று போட்ட பைபர் தகடு சில கோடைகளுக்குப்பின் மங்கிப்போய், தொட்டால் கையில் அரிப்பு எடுக்கிறது அல்லவா? வெயில் மேலேயிருந்த பிசினைத் தின்றுவிட்டது. உள்ளேயிருந்த கண்ணாடி நார் முடிமுடியாக எழுந்து நிற்கிறது. வாங்கும்போது "பத்து வருஷம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். எந்த ஊர் வெயிலில் பத்து வருஷம் என்று நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆகவே, கதவானாலும் தகடானாலும் தொட்டியானாலும், இத்தனை வருஷம் என்று எழுதிய சீட்டை யாராவது நீட்டினால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை டிகிரி உஷ்ணத்தில், எத்தனை நாள் சோதித்தீர்கள்? எந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்குக் கணக்குப் போட்டீர்கள்? ஈரம், வெயில், பாரம் மூன்றையும் சேர்த்துச் சோதித்தீர்களா, தனித்தனியாகவா? பதில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். தெரியாதவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டும் நமக்கு லாபமே.

நகரசபையும் சர்க்காரும் பொதுப்பணத்தில் கட்டும் தொட்டிகளுக்கு இதே கேள்விகளை இன்னும் உரக்கக் கேட்கவேண்டும். தீங்கு வராது என்று ருசுப்படுத்தும் பொறுப்பு செய்பவனைச் சார்ந்தது என்று நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் 1996-ல் சொன்னது தோல் பிரதேசத்தை முன்னிட்டுத்தான். தண்ணீருக்குச் சொன்ன நியாயம் தண்ணீரைத் தாங்கும் சுவருக்கும் பொருந்தாதா? ராணிப்பேட்டையில் அன்றிரவு தூங்கியவர்கள் பக்கத்துச் சுவரைப் பற்றி யாரிடமும் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு தூங்கவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காகக் கேட்கவேண்டியவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான். ஐம்பது வருஷம் என்பது நல்ல வாக்கு. அதன் கீழே, "வேலூர் வெயிலில்" என்று இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வோம்.